ஊரிலேயே இருந்து எழுதுவது: சுயேச்சை நிருபராகத் தொடங்குகிறவர்களுக்கு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களுக்கு டெல்டாவின் தென்கோடி ஊர்களில் தொலைக்காட்சி வண்டிகள் நின்றன. பிறகு ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போயின. நிவாரணப் பட்டியலில் யார் பெயர் விடுபட்டது, சாய்ந்த தென்னையைக் கணக்கெடுக்க வந்தவர் எந்தத் தெருவோடு திரும்பிப் போனார், ஓடு பறந்த பள்ளிக்கூடத்துக்குக் கூரை எப்போது வந்தது என்ற செய்திகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கின. அவற்றை எழுத ஊரில் குடியிருக்கும் ஆள் வேண்டும்.

அப்படி ஒருவராக விரும்புகிறவருக்காக இதை எழுதுகிறேன். எந்த நாளிதழின் அடையாள அட்டையும் இல்லாமல், கைப்பேசியும் நோட்டும் மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என் எடுத்துக்காட்டுகள் திருவாரூர் மாவட்டத்துப் பக்கமாகவே இருக்கும், எனக்குத் தெரிந்த மண் அது. திருப்பூரில் இருப்பவர் வாய்க்கால் என்று வரும் இடத்தில் சாயக்கழிவை வைத்துப் படிக்கலாம். ராமநாதபுரத்துக்காரர் கண்மாயை வைத்துக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இன்று நீங்கள் யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவரை நாளைக் காலை அதே டீக்கடையில் பார்க்க வேண்டியிருக்கும். அவருடைய பிள்ளையும் உங்கள் பிள்ளையும் ஒரே வகுப்பில் படிக்கலாம். சென்னையிலிருந்து வந்து போகும் நிருபருக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஆனால் தவறாக எழுதினால் முகம் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் அவருக்கு இல்லை. கீழே நான் சொல்லும் முறைகள் பெரும்பாலும் இந்த ஒரு நிலைமையிலிருந்து பிறந்தவைதான்.

எல்லையைச் சுருக்குங்கள்

மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வட்டம்கூடத் தொடக்கத்தில் பெரிது. வருவாய்த் துறைக் கணக்கில் ஒவ்வொரு வட்டமும் சில குறுவட்டங்களாகப் பிரிந்திருக்கும், நம் வழக்கில் பிர்க்கா. அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் இருந்தால் நான்கைந்து வார்டு போதும். சைக்கிளிலோ வண்டியிலோ ஒரே நாளில் சுற்றி வந்துவிடும் அளவுதான் உங்கள் எல்லை.

அந்த எல்லைக்குள்ளும் மூன்று விஷயங்களைத் தேர்ந்தெடுங்கள். நான் எடுத்தவை ஆற்று நீர், நெல் கொள்முதல், ஆரம்ப சுகாதார நிலையம். யார் எந்தக் கட்சியில் சேர்ந்தார், யாருக்கு யார் பொன்னாடை போர்த்தினார் என்பதை எழுத ஏற்கெனவே பலர் இருக்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு அனுமதிக்கப்படும் ஈரப்பதம் 17 சதவீதம் என்பதும், மழைக்காலத்தில் அதைத் தளர்த்தக் கேட்டு ஏன் போராடுகிறார்கள் என்பதும், ஈரமானி எப்படி வேலை செய்கிறது என்பதும் தெரிந்த நிருபர் ஊருக்கு ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். அந்த ஒருவராக நீங்கள் ஆகுங்கள்.

முதல் மாதம் எதையும் வெளியிடாதீர்கள்

இது பலருக்குக் கசப்பான அறிவுரை. தொடங்கிய மறுநாளே யூடியூப் அலைவரிசைக்குப் பெயர் வைத்து, மைக்கில் சின்னம் ஒட்டி, வண்டியில் 'பிரஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒட்டுப்படத்தைக் கண்டாலே ஊரில் பலர் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. அதைக் காட்டிக் கடைக்காரர்களிடம் பணம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். உங்களை ஊர் அந்தக் கூட்டத்தில் சேர்க்காமல் இருக்க வேண்டும் என்றால், முதலில் எதையும் கேட்காமல் நடமாடுகிற ஆளாகத் தெரிய வேண்டும்.

அந்த ஒரு மாதத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, ஊரின் அரசாங்க நாட்காட்டியை உங்கள் நோட்டில் எழுதுவது. திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. விவசாயிகளுக்கென்று மாதம் ஒரு கூட்டம் தனியாக நடக்கிறது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிவதால், அதற்கு முன் மே, ஜூன் மாதங்களில் வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி நடக்கும். எங்களுக்கு ஜூன் 12 தனி நாள். மேட்டூர் அணை மரபாகத் திறக்கப்படும் தேதி அது. அன்று அணை திறந்ததா, தண்ணீர் கல்லணையை எப்போது தொட்டது, பாசனத்தின் கடைசிப் பகுதியான முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடைமடைக்கு எத்தனை நாள் கழித்து வந்தது என்ற மூன்று தேதிகளை ஆண்டுதோறும் குறித்துவைத்தாலே ஐந்தாண்டுகளில் உங்களிடம் இருப்பது யாரிடமும் இல்லாத ஆவணமாகிவிடும்.

குறைதீர்க்கும் நாளன்று கூட்ட அரங்குக்குள் போவதற்கு முன், வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்களுக்கு அருகில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். எந்த ஊரிலிருந்து எந்தப் பிரச்சினை திரும்பத் திரும்ப வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மனு கொடுத்துவிட்டு வெளியே வருகிறவரிடம் பேசி, அவர் சம்மதித்தால் மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து அந்த எண்ணை வைத்து என்ன ஆயிற்று என்று கேளுங்கள். மனு கொடுத்த செய்தியை எல்லோரும் படம் போட்டு எழுதுவார்கள். மனுவுக்கு வந்த பதிலை எழுதுகிறவரைத்தான் மக்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது வேலை, யார் எதில் கையெழுத்திடுகிறார் என்று தெரிந்துகொள்வது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் ஒரு வரிசை. ஊராட்சிச் செயலர், வட்டார வளர்ச்சி அலுவலர் இன்னொரு வரிசை. வாய்க்கால் என்றால் நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளர். இந்தக் கையெழுத்து மாறும்போது அதுவே செய்தி. எங்கள் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அன்றுமுதல் தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போவது என்று தெரியாமல் தவித்தவர்கள் அநேகம். அந்த ஒரு கேள்விக்கு விடை எழுதிப் போட்டிருந்தாலே ஊருக்குப் பெரிய உதவி.

மூன்றாவது, ஆட்கள். அதிகாரிகளின் எண்களைச் சேர்ப்பது எளிது. லைன்மேன், தூய்மைப் பணியாளர், குடிநீர்த் தொட்டி இயக்குபவர், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி ஊழியர், கொள்முதல் நிலையத்துச் சுமைத் தொழிலாளர் ஆகியோரைப் பழகிக்கொள்ளுங்கள். ஊரில் எது ஓடவில்லை என்பது இவர்களுக்கு முதலில் தெரியும். இவர்களுடைய வேலை எளிதில் பறிபோகக்கூடியது என்பதையும் மறக்காதீர்கள். பெயர் போடலாமா, போடக்கூடாதா என்று பேச்சைத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பேசி முடித்தபின் கேட்பது அவர்களுக்குப் பயத்தைத் தரும். பெயர் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டால், அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரத்தையும் செய்தியில் போடக்கூடாது. பெயரை மறைத்துவிட்டு, 'இரவுப் பணியில் இருந்த ஊழியர் ஒருவர்' என்று எழுதினால் ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஓரளவு நல்ல கைப்பேசி, சட்டையில் மாட்டும் சின்ன மைக், கூடுதல் மின்கலம், மழையில் நனையாத உறை, தைத்த நோட்டு. நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, நேரம், இடம் இருக்க வேண்டும். எழுதி முடித்த நோட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். வழக்கு என்று வந்தால் உங்களுக்குத் துணை அதுதான்.

தகவல் உரிமைச் சட்டத்தைக் கைப்பழக்கமாக்குங்கள்

அடையாள அட்டை இல்லாத நிருபருக்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம்தான் பெரிய பலம். அதைப் பயன்படுத்தக் குடிமகனாக இருந்தால் போதும், நிருபராக இருக்கத் தேவையில்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இணையவழியாகவும் அனுப்பலாம். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வரவில்லை என்றாலோ திருப்தி இல்லை என்றாலோ அடுத்த 30 நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் பயனில்லை என்றால் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் ஐந்து நாட்களுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை.

புதியவர்கள் பெரும்பாலும் கேள்வியில்தான் தோற்கிறார்கள். 'வாய்க்கால் ஏன் தூர்வாரப்படவில்லை?' என்று கேட்டால் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அலுவலகத்தில் தாளாக இருப்பதைத்தான் அவர்கள் தர வேண்டும், காரணத்தைச் சிந்தித்துச் சொல்லக் கடமை இல்லை. அதனால் தாளைக் கேளுங்கள். குறிப்பிட்ட பணியின் மதிப்பீட்டு நகல், பணி ஆணையின் நகல், முடிந்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், வழங்கிய தொகைக்கான பில்லின் நகல், இந்தத் தேதி முதல் அந்தத் தேதி வரை. ஒரு மனுவில் நான்கைந்துக்கு மேல் கேட்காதீர்கள். இருபது கேள்வி கேட்டால் இருபதாவதைக் காட்டி மற்றதையும் தள்ளிப்போடுவார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டத்தின் 2(ஜெ) பிரிவின்படி ஆவணங்களை மட்டுமல்லாமல் நடக்கும் பணியையும் நேரில் ஆய்வு செய்யும் உரிமை உண்டு. பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியையும் கேட்கலாம். சாலைக்குக் கொட்டிய ஜல்லியையும் சிமெண்டையும் கேட்கும் உரிமை சாதாரணக் குடிமகனுக்கு இருக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது அந்த வரியை நான் மூன்று முறை படித்தேன்.

மனு போடாமலே கிடைப்பவையும் இருக்கின்றன. ஊராட்சிகளின் வரவு செலவை மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் பார்க்கலாம். ஒப்பந்தப்புள்ளிகளுக்கு மாநில அரசின் தளம் இருக்கிறது. நீதிமன்ற வழக்கின் நிலையை இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணையோ வழக்காடுபவரின் பெயரையோ கொடுத்துத் தேடலாம். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பாலியல் குற்றம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. எனவே காவல் நிலையத்தில் எழுத்தரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

ஒரு செய்தியை முழுதாகச் செய்து பாருங்கள்

இனிச் சொல்வது கற்பனை வாய்க்கால். வேலை செய்யும் முறை உண்மையானது.

மே மாத இறுதி. உங்கள் பிர்க்காவில் ஒரு வாய்க்கால் தூர்வாரப்படுகிறது. பணியிடத்தில் பலகை வைத்திருக்கிறார்கள்: நீளம் 3.2 கிலோமீட்டர், மதிப்பீடு இவ்வளவு, முடிக்க வேண்டிய நாள் ஜூன் 10. முதலில் அந்தப் பலகையைப் படம் எடுங்கள். பலகையே இல்லை என்றால் அதையும் நோட்டில் குறியுங்கள். பிறகு வாய்க்காலின் தலைப்பிலிருந்து கடைசி வரை கரையில் நடந்து போங்கள். பாலம், மரம், மதகு என்று மாறாத ஓர் அடையாளம் சட்டகத்துக்குள் வருமாறு அரை கிலோமீட்டருக்கு ஒரு படம். கைப்பேசியில் இட விவரம் பதிவாகும்படி வைத்திருங்கள். பத்து நாள் கழித்து அதே இடங்களில் நின்று அதே கோணத்தில் மறுபடி எடுங்கள்.

தலைமடையில் நிலம் வைத்திருப்பவரிடமும் கடைமடையில் வைத்திருப்பவரிடமும் பேசுங்கள். இருவரும் ஒரே வாய்க்காலைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள், இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். பொக்லைன் ஓட்டுநரிடம் பேசுங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, டீசல் இல்லாமல் எத்தனை நாள் நின்றது என்று அவர்தான் சொல்வார். கரையில் கொட்டிய மண் மறுபடி வாய்க்காலுக்குள் சரியுமா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

ஜூன் 12-க்குப் பிறகு நிலவரம் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: 2 கிலோமீட்டர் வரை வேலை முடிந்திருக்கிறது, அதற்கு அப்பால் ஆகாயத்தாமரை அப்படியே கிடக்கிறது. இப்போதுதான் உதவிப் பொறியாளரிடம் போக வேண்டும். 'ஏன் வேலை செய்யவில்லை?' என்று தொடங்காதீர்கள். 'பலகையில் 3.2 என்று இருக்கிறது. நான் 14-ஆம் தேதி நடந்தபோது இந்த மதகு வரை முடிந்திருந்தது. மீதி எப்போது?' என்று கேளுங்கள். படத்தைக் காட்டுங்கள். அவர் சொல்லும் விளக்கம் உங்கள் செய்தியையே மாற்றக்கூடும். கடைசிப் பகுதியில் ஆக்கிரமிப்பு வழக்கு நடக்கலாம். மீதி தூரம் வேறு திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கலாம். அவர் பதில் சொல்ல மறுத்தால், எந்தத் தேதியில் எந்த நேரத்தில் கேட்டீர்கள், எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்று செய்தியிலேயே எழுதுங்கள். வெறுமனே 'அதிகாரியைத் தொடர்புகொள்ள முடியவில்லை' என்று ஒரே ஒரு முறை அழைத்துவிட்டு எழுதுவது நேர்மையில்லை.

எழுதும்போது

அந்தச் செய்தியை வழக்கமாக எப்படித் தொடங்குவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்: 'வாய்க்காலைத் தூர்வாராததால் விவசாயிகள் கடும் அவதி. கண்டுகொள்ளுமா நிர்வாகம்?' இதில் ஒரு தகவலும் இல்லை. எந்த ஊருக்கும் எந்த ஆண்டுக்கும் இதை ஒட்டலாம். அதற்குப் பதிலாக: '3.2 கிலோமீட்டர் தூர்வாருவதாகப் பலகை வைக்கப்பட்ட வாய்க்காலில், ஜூன் 14 வரை 2 கிலோமீட்டருக்கு மட்டுமே வேலை முடிந்திருக்கிறது. அதற்குக் கீழே உள்ள நிலங்களுக்கு அன்றுவரை தண்ணீர் வரவில்லை.' கோபம் ஒரு சொல்லில்கூட இல்லை. படிப்பவருக்கு வர வேண்டியது வந்துவிடும்.

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறும் முதல் இரண்டு பத்திக்குள் வந்துவிட வேண்டும். 'ஏன்' தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதலாம். 'நேற்று', 'இன்று' என்று எழுதாமல் தேதி போடுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி மூன்று ஆண்டுகள் கழித்தும் சுற்றும்.

சில சொற்களை உங்கள் கைக்குள் வரவிடாதீர்கள். 'கள்ளக்காதல்' என்ற சொல் இறந்துபோன ஒரு பெண்ணை இரண்டாம் முறை கொல்கிறது. 'அப்பகுதியில் பரபரப்பு ஏற்பட்டது' என்ற முடிவு வரி எழுதியவருக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை என்பதைத்தான் காட்டுகிறது. எல்லாவற்றையும் விட எனக்கு வேதனை தருவது 'இரு தரப்பினரிடையே மோதல்'. ஒரு தெருக்காரர்கள் இன்னொரு தெருவுக்குள் புகுந்து அடித்துவிட்டு வந்தாலும் நம் செய்திகளில் அது இரு தரப்பு மோதல்தான். சாதி செய்திக்குத் தொடர்பில்லாத இடத்தில் அதைப் போடக்கூடாது. சாதிதான் செய்தி என்னும்போது அதை மறைப்பது அடித்தவருக்குச் செய்யும் உதவி. முதல் தகவல் அறிக்கையில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுதுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

சட்டம் போட்டிருக்கும் கோடுகள்

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகள் என்றால், அவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் சேர்ந்துகொள்ளும். குற்றச்சாட்டுக்கு உள்ளான சிறுவர்களின் அடையாளத்தை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு காக்கிறது. சிறு ஊரில் அடையாளம் என்பது பெயர் மட்டும் இல்லை. தெருப் பெயர், தந்தையின் தொழில், படிக்கும் பள்ளி, வீட்டு வாசலின் மங்கிய படம் ஆகிய நான்கில் ஒன்று போதும், ஊரே தெரிந்துகொள்ளும். மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அவதூறு பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் வருகிறது. உண்மையாகவும் பொதுநன்மைக்காகவும் சொல்லப்பட்டது என்றால் அது விதிவிலக்கு. இரண்டையும் நிரூபிக்கும் தாள் கையில் இருக்க வேண்டும். கைதானவரைக் குற்றவாளி என்று எழுதாதீர்கள்.

தற்கொலைச் செய்திகளில் முறை, இடம், கடிதத்தின் வாசகம் ஆகியவற்றைப் போடாதீர்கள். ஒற்றைக் காரணத்தின்மேல் பழியைப் போடாதீர்கள். தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் இன்னும் கவனமாக இருங்கள். செய்தியின் அடியில் 104, 14416 ஆகிய உதவி எண்கள் இருக்கட்டும்.

எங்கே வெளியிடுவது

தொடக்கத்தில் வாட்ஸ்அப் சேனல் ஒன்றும், தேடினால் கிடைக்கும்படி எளிய இணையதளம் ஒன்றும் போதுமானவை. காணொளி உங்களுக்கு இயல்பாக வரும் என்றால் யூடியூப். அச்சில் இதழ் கொண்டுவருவதாக இருந்தால் 2023-ஆம் ஆண்டின் பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும். 1867-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் இது, விண்ணப்பம் இணையத்திலேயே. இணையச் செய்திக்கு 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் இருக்கின்றன. அவற்றில், நெறிமுறைகளையும் புகார் தீர்க்கும் அமைப்பையும் பற்றிய 9-ஆம் விதியின் முக்கியப் பகுதிகளை 2021 ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. விதி எப்படி இருந்தாலும், புகார் சொல்ல ஒரு பெயரும் முகவரியும் உங்கள் பக்கத்தில் தெளிவாக இருக்க வேண்டும். முகம் தெரியாத பக்கமாகச் செய்தி நடத்தாதீர்கள்.

உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட்டில் 2002-இல் தொடங்கிய கபர் லஹரியாவைப் பாருங்கள். கிராமத்துப் பெண்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், தங்கள் வட்டார மொழியில் அச்சிட்டு, தாங்களே சுமந்து சென்று விற்றார்கள். பிறகு கைப்பேசிக்கு மாறினார்கள். அவர்கள் எல்லை சிறியது, கேள்வி சிறியது: கைப்பம்பு, சாலை, ரேஷன். இன்று இந்தியா முழுவதும் அவர்களைத் தெரியும்.

பணம்

முதல் ஆண்டு இதில் வருமானம் வராது என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். யூடியூப் விளம்பர வருவாய்க்கே 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். டியூஷன், கடை, வயல், தட்டச்சு என ஏதாவது ஒரு பிழைப்பு கூடவே இருக்கட்டும். அதை மறைக்கவும் வேண்டாம். உங்களுக்குச் சொந்தமாக நெல் வயல் இருந்தால், கொள்முதல் பற்றி எழுதும்போது அதைச் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

செய்தியாளர் கூட்டம் முடிந்ததும் கவர் கொடுப்பார்கள். 'பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள் தம்பி' என்று அன்பாகவே சொல்வார்கள். வாங்காதீர்கள். கொடுப்பவர் கெட்டவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு முறை வாங்கினால், அவரைப் பற்றி நீங்கள் எழுதும் நல்ல செய்தியையும் ஊர் நம்பாது. மறுப்பதைக் கூட்டத்தின் நடுவில் சத்தமாகச் செய்யாமல் தனியாக, மரியாதையோடு செய்யுங்கள். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு நீட்டுவதை அவர்களே நிறுத்திவிடுவார்கள்.

உள்ளூர்க் கடை விளம்பரம் வாங்கலாம். 'விளம்பரம்' என்று மேலே எழுதிப் போடுங்கள். ஒப்பந்ததாரர், கட்சிக்காரர், நீங்கள் செய்தி எடுக்கும் மருத்துவமனை ஆகியோரிடம் வாங்காதீர்கள். வாசகர்களிடம் மாதம் 20, 30 ரூபாய் கேட்பதில் கூச்சம் வேண்டாம். பால் வாங்குகிறோம், காசு கொடுக்கிறோம். மாதக் கணக்கை அந்தச் சேனலிலேயே வெளியிடுங்கள்.

பாதுகாப்பு

சத்தீஸ்கரின் பிஜாப்பூரில் சொந்த யூடியூப் அலைவரிசை நடத்திவந்த முகேஷ் சந்திராகர் 2025 ஜனவரி 1 அன்று காணாமல் போனார். ஜனவரி 3 அன்று ஒரு சாலை ஒப்பந்ததாரரின் வளாகத்தில், கழிவுநீர்த் தொட்டிக்குள் அவருடைய உடல் கிடைத்தது. சாலைப் பணி முறைகேடு பற்றிய செய்தியில் அவருக்குப் பங்கு இருந்தது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்களைப் போலவே ஊரில் இருந்து எழுதிய ஒருவருக்கு நடந்தது என்பதால் சொல்கிறேன்.

மணல், ஒப்பந்தம், நிலம் பற்றிய செய்திக்குத் தனியாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேச அழைத்தால் பொது இடத்துக்கு வரச் சொல்லுங்கள். ஆவணங்களின் படிகளை வேறு ஊரில் இருக்கும் நண்பரிடமும் வைத்திருங்கள். மிரட்டல் வந்தால் தேதியோடு எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பக்கத்து வட்டத்து நிருபர்களைப் போட்டியாளர்களாக நினைக்காதீர்கள். ஒரே ஆவணத்தை இரண்டு பேர் ஒரே நாளில் வெளியிட்டால் ஒருவரை மட்டும் குறிவைப்பது கடினம். மாவட்டத் தலைநகரில் உங்களுக்காகப் பேசக்கூடிய வழக்கறிஞர் ஒருவரை, தேவை வரும் முன்பே தெரிந்துவைத்திருங்கள்.

தவறு செய்தால்

செய்வீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சாலை விபத்தில் இறந்தவரின் பெயரை, அங்கே நின்ற ஒருவர் சொன்னதைக் கேட்டு எழுதிவிட்டேன். அது அவருடைய அண்ணனின் பெயர். அண்ணன் வெளியூரில் இருந்தார். செய்தியைப் பார்த்த உறவினர்கள் அவர் வீட்டுக்கு மாலையோடு புறப்பட்டிருக்கிறார்கள். அன்று மாலையே அந்தத் தெருவுக்குப் போனேன். யாரும் என்னைத் திட்டவில்லை. இறந்தவரின் மகள் ரேஷன் கார்டை எடுத்துவந்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்காட்டி, 'இப்போது சரியாக எழுதுங்கள் அண்ணா' என்றாள். அன்றிலிருந்து எந்தப் பெயரையும் காது வழியாக மட்டும் எழுதுவதில்லை. ஏதாவது ஒரு தாளில் பார்க்கிறேன், இல்லை என்றால் சம்பந்தப்பட்டவரையே என் நோட்டில் எழுதித்தரச் சொல்கிறேன்.

தவறைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் புதிதாகப் போடாதீர்கள். எது தவறு, எது சரி, எப்போது திருத்தினீர்கள் என்று அந்தச் செய்தியின் மேலேயே எழுதுங்கள். முதல் செய்தி எந்தக் குழுவுக்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் திருத்தமும் போகட்டும். மறுப்பு அனுப்புகிறவருக்கு இடம் கொடுங்கள், அது நீளமாக இருந்தாலும்.

மூன்றாம் மாதம்

இதற்குள் ஐந்தாறு செய்திகள் வெளியாகியிருக்கும். புதிய செய்தியைத் தேடி ஓடும் முன், நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் எதிரே, திரும்பப் போக வேண்டிய தேதி. பதிலுக்குக் காத்திருக்கும் தகவல் மனுக்களுக்கு எதிரே 30-ஆம் நாளின் தேதி. மருத்துவர் வரவில்லை என்று எழுதிய சுகாதார நிலையத்துக்கு ஒரு திங்கட்கிழமை, முன்னறிவிப்பில்லாமல். அந்த வாய்க்காலுக்கு, ஆகஸ்ட் முதல் வாரம். காலையில் போங்கள், கடைமடை வரை நடங்கள், அதே மதகில் நின்று அதே கோணத்தில் ஒரு படம் எடுங்கள்.